லேத் பெட்டின் கதை: மரக்கட்டையிலிருந்து வார்ப்பிரும்பு வரை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் வருகிற ஊர் புதுவாயல். பெரியபாளையம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். பெரிய ஆலைகள் இருக்கும் இடத்தில் சின்ன லேத் பட்டறைகளும் இருக்கும். தனியாகத் தொழில் தொடங்குகிறவர் பெரும்பாலும் பழைய லேத் ஒன்றைத்தான் தேடுவார். மரக் கடைசல் வேலைக்கென்றால் இன்னும் பழையதாகக்கூட இருக்கலாம். விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் வாங்கி வந்து தார்ப்பாயை விலக்கினால் முதலில் கண்ணில் படுவது துரு!

அந்தத் துருவைப் பார்த்ததும் பலருக்கும் வரும் யோசனை ஒன்றுதான். கையடக்கக் கிரைண்டரில் எமரி வட்டை மாட்டி ஒரே ஓட்டு. ஒரு மணி நேரத்தில் பெட் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள, லேத்துக்கு பெட் என்ற ஒன்று எப்படி வந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பெட் என்றால் என்ன?

மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். லேத்தில் இடது பக்கம் மரத்தைப் பிடித்துச் சுழற்றும் பகுதி ஹெட் ஸ்டாக். வலது பக்கம் மரத்தின் மறுமுனையைத் தாங்குவது டெயில் ஸ்டாக். உளியைத் தாங்க நடுவில் டூல் ரெஸ்ட். இவை மூன்றும் உட்கார்ந்திருக்கும் நீளமான அடிப்பகுதிதான் பெட். டெயில் ஸ்டாக்கும் டூல் ரெஸ்ட்டும் இதன்மேல் நகர்ந்து, வேண்டிய இடத்தில் இறுக்கப்படும்.

பெட் நேராக இருந்தால்தான் இரண்டு பக்க முனைகளும் ஒரே கோட்டில் சந்திக்கும். அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் டெயில் ஸ்டாக் சாய்ந்து உட்காரும். கட்டில் கால் மாதிரி நீளமான பொருளைக் கடையும்போது முனை விலகும், மரம் அதிரும். பூரிக்கட்டை ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் மெலிந்து வரலாம். மோட்டார் எரிந்தால் மாற்றலாம், பேரிங் போனால் மாற்றலாம். பெட் போனால் லேத்தே போன மாதிரிதான்.

பெட் இல்லாத காலம்

லேத் மிகப் பழைய கருவி. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், சுமார் கி.மு. 300-ஐச் சேர்ந்த புடைப்புச் சிற்பத்தில் இரண்டு பேர் லேத்தில் வேலை செய்யும் காட்சி இருக்கிறது. ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, மற்றவர் உளியைப் பிடிக்கிறார்.

நம் நாட்டிலும் அதே முறைதான் இருந்தது. தரையில் இரண்டு சிறிய மரக்கட்டைகளை நிறுத்தி, அவற்றின் முனைகளுக்கு நடுவில் மரத்தைப் பொருத்துவார்கள். வில்லாலோ கயிறாலோ அதை முன்னும் பின்னும் சுழற்றுவார்கள். கடைபவர் தரையில் உட்கார்ந்து, கால் விரல்களையும் பயன்படுத்தி உளியைத் தாங்கிக்கொள்வார். இதில் பெட் என்று தனியாக எதுவும் கிடையாது. தரைதான் பெட்!

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்கள் இந்தக் கடைசல் மரபில் வந்தவை. கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளும் அப்படியே. தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சா மரத்தைக் கையால் இழுக்கும் கடைசலில் ஏற்றித்தான் நீண்ட காலம் நாகஸ்வரம் செய்தார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட் இல்லாமலேயே இவ்வளவு நுட்பமான வேலை நடந்திருக்கிறது என்றால், துல்லியம் அன்று கருவியில் இல்லை, கையில் இருந்தது என்று அர்த்தம்.

ஐரோப்பாவில் கடைசல்காரர்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். அதனால் இரண்டு நீளமான மரச் சட்டங்களை இணையாக வைத்து, நடுவில் இடைவெளி விட்டு ஒரு மேடை அமைத்தார்கள். டெயில் ஸ்டாக் அந்த இடைவெளியில் நகர்ந்தது. இன்றைய மர லேத்தின் பெட்டிலும் நடுவில் அதே இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். பொருள் மாறிவிட்டது, வடிவம் மாறவில்லை.

இரும்பு வந்தது

மரச் சட்டம் மழைக்காலத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். மரம் கடைவதற்கு அது பரவாயில்லை. உலோகத்தைத் துல்லியமாகக் கடைய அது உதவாது. பிரான்சில் ழாக் டி வோகன்சோன் சுமார் 1751-ல் இரும்புச் சட்டத்தால் ஒரு லேத் செய்தார். அதன் வழித்தடங்கள் பட்டகம் போல முனை மேலே இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. அது இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கினார். உளியை மனிதன் கையில் பிடிக்காமல், இயந்திரமே பிடித்து பெட்டின் வழியாக நகர்த்தியது. இங்கேதான் பெரிய மாற்றம். உளி பெட்டைப் பின்பற்றி நடந்தால், பெட்டில் இருக்கும் கோணல் அத்தனையும் செய்யும் பொருளில் வந்துவிடும்.

அப்படியென்றால் பெட்டை எப்படிச் சமமாக்குவது? சமமான இயந்திரம் செய்ய இன்னொரு சமமான இயந்திரம் வேண்டும். அந்த முதல் சமம் எங்கிருந்து வரும்?

இதற்குத் தெளிவான விடை சொன்னவர் மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த். மூன்று இரும்புத் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மட்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் போதாது. ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்த வேண்டும். அப்போது மூன்றுமே சமமாக இருந்தால்தான் உண்டு, வேறு வழியில்லை! எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்.

தட்டின்மேல் சாயம் தடவி, மற்றொன்றின்மேல் வைத்து நகர்த்தினால் மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பர் என்ற சுரண்டும் உளியால் மெல்லச் சுரண்ட வேண்டும். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் விஷயத்துக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அதுவரை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் எமரிப் பொடியைப் போட்டுத் தேய்ப்பதே வழக்கம். 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில் விட்வொர்த் ஒரு கட்டுரை வாசித்தார். எமரி போட்டுத் தேய்ப்பது தவறான வழி என்பதுதான் அதன் வாதம். பொடி எல்லா இடத்திலும் ஒரே அளவில் வேலை செய்யாது, மேட்டோடு சேர்த்துப் பள்ளத்தையும் தின்னும், துகள்கள் உலோகத்திலேயே பதிந்துவிடும். ஆக, லேத் பெட்டுக்குத் துல்லியத்தைக் கொடுத்த முறை, எமரியைக் கைவிட்டதால் பிறந்த முறை.

"தொழிற்சாலையிலேயே கிரைண்டிங் செய்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். பின்னாளில் வந்த பல லேத்களின் பெட் கடினமாக்கப்பட்டு, கிரைண்டிங் செய்யப்பட்டவை. ஆனால் அந்தக் கிரைண்டிங் மெஷினுக்கே ஒரு நேரான வழித்தடம் இருக்கிறது. கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு நம் மணிக்கட்டைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

வார்ப்பிரும்பு ஏன்?

பெட்டுக்கு எஃகை விட்டுவிட்டு வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் சின்னச் சின்னச் செதில்களாகப் பரவியிருக்கிறது. அது அதிர்வை உள்வாங்குகிறது, உராய்வைக் குறைக்கிறது. மேற்பரப்பில் எண்ணெய் தங்கவும் உதவுகிறது. எவ்வளவு சிக்கலான வடிவத்தையும் அச்சில் ஊற்றி எடுத்துவிடலாம்.

ஒரு வேடிக்கையான செய்தி. புதிதாக வார்த்த இரும்புக்குள் இறுக்கம் இருக்கும். உடனே இழைத்தால் பிறகு வளைந்துவிடும். அதனால் பழைய காலத்தில் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் போட்டுவைப்பார்கள். துருப்பிடித்து, உள்ளிறுக்கம் தளர்ந்த பிறகுதான் இழைப்பார்கள். இன்று நாம் பயப்படும் துருவை அந்தப் பெட் பிறக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டது!

நம் பக்கம் வந்த லேத்கள்

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் தொடங்கியது. அந்தக் காலத்தில் இயந்திரங்கள் கப்பலில் வந்தன. உப்புக்காற்றில் மாதக்கணக்கான பயணம். பளபளப்பான இரும்புப் பகுதிகளில் வெள்ளை ஈயப் பொடியை விலங்குக் கொழுப்பில் குழைத்துப் பூசி அனுப்புவது அன்றைய வழக்கம். துருவைத் தடுக்கும், ஆனால் ஈயம் விஷம்.

பிறகு லேத் இங்கேயே தயாராகத் தொடங்கியது. கோவையில் 1926-ல் ஆரம்பித்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் பம்பு, மோட்டாரோடு லேத்தும் செய்தது. கர்நாடகத்தின் ஹரிஹரில் 1941-ல் மைசூர் கிர்லோஸ்கர் தொடங்கப்பட்டது. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. உருவானது. பஞ்சாபின் பட்டாலாவில் சிறு தொழிலாகவே லேத் வார்த்தார்கள். தமிழக அரசு 1971-ல் சிப்காட்டைத் தொடங்கியது. பிறகு கும்மிடிப்பூண்டியிலும் தொழில் வளாகம் வந்தது.

இயந்திரங்களில் கணினி புகுந்த பிறகு பெரிய ஆலைகள் சி.என்.சி. மெஷினுக்கு மாறின. கழித்துவிடப்பட்ட பழைய லேத்கள் கைமாறிச் சின்னப் பட்டறைகளுக்கு வந்தன. ஸ்கிரேப்பர் பிடித்து பெட்டைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இப்போது குறைவு. கெட்டுப்போன பெட்டைச் சரிசெய்ய ஆள் கிடைத்தாலும், கூலி லேத்தின் விலையைத் தாண்டிவிடலாம். அதனால்தான் கெடுக்காமல் இருப்பது முக்கியம்.

பழவேற்காட்டின் கருப்பு மை

புதுவாயலுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. அதற்கப்பால் கடல். காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகம். இரவில் குளிர்ந்த கனமான இரும்பு காலையில் உடனே சூடாவதில்லை. ஈரக்காற்று அதன்மேல் பட்டால் வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நீர்ப்படலம் போதும், துரு ஆரம்பித்துவிடும். உப்பும் கலந்தால் வேகம் கூடும்.

மர லேத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. அது மரத்தூள். தூள் ஈரத்தை உறிஞ்சி, ஈரத்துணி போல பெட்டின்மேல் கிடக்கும். பச்சை மரம் கடைந்தால் சாறும் தெறிக்கும். மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக்கருப்பாக மாறும். கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் இது நன்றாகத் தெரியும்.

இந்த வேதிவினை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் இங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்த முக்கியச் சரக்கு சோழமண்டலக் கரையின் துணிகள், அவற்றில் சாயம் தீட்டிய துணிகளும் அடக்கம். சாயம் தீட்டும் கலையில் (கலம்காரி என்கிறோமே, அதுதான்) கருப்புக் கோடு எப்படி வருகிறது தெரியுமா? துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அந்த நீரால் கோடு போடுவார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கருப்பாகும். துணிமேல் நடந்தால் கலை, லேத் பெட்மேல் நடந்தால் கறை! ஆனால் அந்தக் கருப்புக் கறை பெரும்பாலும் மேலோட்டமானது. பயப்படத் தேவையில்லை.

துருவை மட்டும் எடுப்பது எப்படி?

விட்வொர்த் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டால் முறை தானாகவே புரிந்துவிடும். துருவை எடுக்க வேண்டும், இரும்பைத் தொடக்கூடாது.

1. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூளை முழுவதும் எடுக்க வேண்டும். டெயில் ஸ்டாக்கைக் கழற்றி அதன் அடியிலும் பார்க்க வேண்டும்.

2. மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் தடவி சில மணி நேரம் ஊறவிட வேண்டும். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

3. தடித்த துருவை ஒரு பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டலாம். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேட்டாக நிற்கும். பிளேடு மேட்டை மட்டும் எடுக்கும். இது ஸ்கிரேப்பர் தத்துவமேதான்.

4. மிச்சத்துக்கு நைலான் தேய்ப்பான் போதும். மிக நைசான உப்புத்தாள் தேவைப்பட்டால், நேரான மரக்கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு, பெட்டின் நீளவாக்கில் லேசாக இழுக்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும்.

5. குழிகளில் இருக்கும் துருவைத் துரத்திக்கொண்டு போகக்கூடாது. டெயில் ஸ்டாக் உட்காருவது மேட்டின்மேல்தான். நாலு குழி இருப்பதால் லேத் கெடாது. அந்தக் குழிகளை மறைக்கச் சுற்றியிருக்கும் இரும்பைத் தேய்த்தால்தான் கெடும்.

6. பெட்டின்மேல் பிறை வடிவத்திலோ சதுரங்கக் கட்டம் போலவோ மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை கீறல் அல்ல. யாரோ ஒரு தொழிலாளி ஸ்கிரேப்பரால் போட்ட தடங்கள். அழிக்க வேண்டாம்.

7. கடைசியில் பஞ்சு வேஸ்ட்டால் பொடி முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்கவிடக்கூடாது.

குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளி போடலாமா? அமிலம் துருவைக் கரைத்துவிட்டு நிற்காது, இரும்பையும் கரைக்கும். சின்ன உதிரிப் பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தும் முறை நல்லது. இதன் உறவுக்கார முறை ஒன்று சென்னையிலேயே நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கி, களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார்கள். களிம்பு போக வேண்டும், சிற்பியின் உளித்தடம் போகக்கூடாது என்பதுதான் அங்கேயும் கவலை.

இனி துரு வராமல் இருக்க

சுத்தம் செய்த இரும்பு உடனே மறுபடி துருப்பிடிக்கும். அன்றே எதையாவது பூச வேண்டும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். மெஷின் ஆயில் நல்லதுதான், ஆனால் தூளைப் பிடித்துவைக்கும், கடையும் மரத்திலும் கறை படியும். டபிள்யூ.டி-40 என்ற ஸ்பிரே 1953-ல் அமெரிக்காவில் ஏவுகணையின் மேல்தோலைக் காப்பதற்காக உருவானது. ஈரத்தை விரட்டும், ஆனால் அதன் படலம் மெல்லியது, நீண்ட நாள் நிற்காது.

மர லேத்துக்கு மெழுகுதான் பொருத்தம். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் பயன்படுத்தும் அதே தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் துணியால் துடைத்துவிட வேண்டும். தூள் ஒட்டாது, டெயில் ஸ்டாக் வழுக்கிக்கொண்டு போகும். சிலிகான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம். அது மரத்தில் பட்டால் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மெழுகு போட்டு, வேலை முடிந்ததும் தினமும் தூளைத் தட்டிவிட்டால் போதும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது.

மர லேத்துக்கு உலோக லேத் அளவுக்குத் துல்லியம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாகஸ்வரம் செய்தவர்களுக்குத் தரையே போதுமானதாக இருந்தது. ஆனால் பெட் இருக்கும் லேத்தை வாங்கியவர் அந்த பெட்டை நம்பித்தான் உளியை வைக்கிறார். கடன் வாங்கி வாங்கிய பழைய லேத் அவருடைய மொத்த முதலாகவும் இருக்கலாம். அதன் உண்மையான மதிப்பு பளபளப்பில் இல்லை, நேரான அந்த இரண்டு தடங்களில் இருக்கிறது. துரு அதைத் தின்ன ஆண்டுக்கணக்கில் ஆகும். கிரைண்டருக்கு ஒரு மணி நேரம் போதும்.